அமாவாசைப் பாஸ்வேர்டு

அத்தியாயம் 5

நாலு மணிக்குத் தமிழ்ச்செல்வியைப் போலீஸில் ஒப்படைப்பது என்று முடிவாகியிருந்தது. நான் அச்சகத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால்.

"அஞ்சு மணி நேரம்கூட இல்ல" என்றேன்.

"இன்னும் கம்மிண்ணே. அந்தக் கடிகாரம் கால் மணி லேட்டு" என்றான் கொளஞ்சி. "எதுத்த மாடியிலேர்ந்து அதைப் பாத்துத்தானே நாம டெய்லி லேட்டா சாப்புடறோம்."

கொளஞ்சி என் உதவியாளன். எங்கள் 'ஆரோக்கியராஜ் விசாரணை நிலையம்' திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய தெருவில், வாடகைப் பாத்திரக் கடையின் மாடியில் இருக்கும் ஒரே ஓர் அறை. மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணுக்கு ஏற்கெனவே எங்காவது நிச்சயமாகி நின்றதா என்று கல்யாணத்துக்கு முன் விசாரித்து எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. நான் விசாரித்து நோட்டில் எழுதுவேன். அவன் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பான். கையால் எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும்.

வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் நான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறி நெட்வொர்க்கிங் வகுப்புக்குப் போகிறேன். அந்த வகுப்பு கொடுத்த தைரியத்தில், நாலு மாதத்துக்கு முன் எதிர்த்த அச்சகத்துக்கு வைஃபை அமைத்துக் கொடுத்தேன். யாருடைய துணையும் இல்லாமல் நான் சரியாகச் செய்து முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஒரே வேலை அது.

"வாங்க தம்பி" என்றார் அச்சக முதலாளி தையல்நாயகி. ஐம்பது வயது. நெற்றியில் திருநீறு, கையில் சாவிக்கொத்து. "பாண்டிச்சேரியில கம்ப்யூட்டர் ஆளு ஒருத்தரு இருக்காரு, அவரை வரச்சொல்லலாம்னு இருந்தேன். உங்க கொளஞ்சிதான், எங்க அண்ணன் எதுத்தாப்புல இருக்கும்போது எதுக்குக்கா வெளியூரு ஆளுன்னான்."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கொளஞ்சியைப் பார்த்தேன். அவன் சுவரில் தொங்கிய மாதிரிக் கல்யாணப் பத்திரிகைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, சமூக அறிவியல். மயிலம் ரோட்டில் உள்ள தனியார் பள்ளிக்கு வினாத்தாள் அச்சடிப்பது இந்த அச்சகம்தான். இன்று சனிக்கிழமை, பரீட்சை நாள். நேற்று ராத்திரியே வினாத்தாள் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது. பரீட்சை ரத்து. பள்ளித் தாளாளர் சின்னதுரை நாலு மணிக்கு வருவார். அதற்குள் திருடன் கிடைக்காவிட்டால், வினாத்தாளை டைப் செய்த பெண்தான் திருடி.

அந்தப் பெண் மூலையில், தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். தமிழ்ச்செல்வி, ஓமந்தூர். இருபத்து நாலு வயது. கைப்பையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

"நீ அனுப்புனியா?" என்று கேட்டேன்.

தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. பிறகு மெதுவாக, "தையில கல்யாணம் சார்" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போய், அவள் பேர் ஒருநாள் போலீஸ் ஸ்டேஷன் நோட்டில் ஏறியது என்று தெரிந்தால் நான் என்ன எழுதுவேன்? ஒரே வரிதான் எழுதுவேன். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வரியைப் படிக்கவே மாட்டார்கள்.

"அக்கா, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று நோட்டைத் திறந்தேன்.

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? பரீட்சை சீசன்ல எங்கடையில யாரு கையிலயும் போன் இருக்காது. உள்ள வந்ததும் இந்த டின்னுல போட்டுடணும்." மேஜை மேல் பெரிய பிஸ்கட் டின் ஒன்று, பூட்டோடு இருந்தது.

"அப்ப பிஸ்கட்ட எங்கக்கா வெச்சீங்க?" என்றான் கொளஞ்சி.

தையல்நாயகி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "தப்பா விழுந்த தாளு, ப்ரூப் தாளு எல்லாத்தையும் எண்ணிப் பாத்து நானே கொல்லையில கொளுத்திடுவேன். ஒண்ணுகூட வெளிய போவாது."

"போவும்ணே" என்றான் கொளஞ்சி என் காதருகே, அவருக்கும் கேட்கிற மாதிரி. "வேஸ்ட் பேப்பரு எல்லாம் மல்லாட்டை வண்டிக்குத்தான் போவுது. நேத்து நான் தின்ன கடலைப் பொட்டலத்துல அசோகரு மரம் நட்டுக்கினு இருந்தாரு. மல்லாட்டைக்காரனப் புடிச்சா வேலை முடிஞ்சிது. அந்தப் பொண்ணு பண்ணியிருக்காதுண்ணே."

"எப்படிச் சொல்றே?"

"முகத்தப் பாரு. பென்சிலு திருடக்கூடத் தைரியம் பத்தாது."

பிள்ளைகளிடையே சுற்றிய படத்தைத் தையல்நாயகியின் போனில் பார்த்தேன். சுத்தமான பக்கம். மடிப்பு இல்லை, நிழல் இல்லை. அச்சான தாளைப் படமெடுத்தது மாதிரித் தெரியவில்லை. இன்னொன்றும் இல்லை.

"பள்ளி முத்திரை எங்கக்கா? தலைப்புக்கு மேல இருக்கணுமே."

"அதைத்தான் தாளாளரும் கேட்டாரு. வியாழக்கிழமை அஞ்சரைக்கு இவ டைப் முடிச்சா. ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா. ஏழு மணிக்கு அவரு வந்து படிச்சுப் பாத்து சரின்ன அப்புறம்தான் நான் கம்ப்யூட்டர்லயே முத்திரையை வெச்சேன். முத்திரை இல்லாத பக்கம் இவளோட கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துது. அப்ப இவதானே?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் எழுதிக்கொண்டேன்: அஞ்சரைக்கும் ஏழுக்கும் நடுவில். தாளாக அல்ல, கம்ப்யூட்டர் பக்கமாகவே வெளியேறியிருக்கிறது.

"மல்லாட்டைக்காரர் தப்பிச்சாரு" என்றேன்.

"அட, போண்ணே. ஓசியில அரைப்படி வாங்கலாம்னு பாத்தேன்."

தமிழ்ச்செல்வியின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். வினாத்தாள் இருந்த போல்டரைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. அந்த போல்டர் கடைக்குள் இருக்கிற எல்லா மெஷினுக்கும் திறந்து கிடந்தது. திறந்து வைத்தவனே நான்தான். கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தன் வீட்டிலிருந்து டேப்லெட்டில் பார்க்க வேண்டும் என்று தையல்நாயகி கேட்டார். அதற்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு போடலாம் என்றேன். "வூட்டுக்குள்ள எதுக்குத் தம்பி இன்னொரு பூட்டு?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

வைஃபைக்குள் நுழைந்தவன் யாராக இருந்தாலும் வினாத்தாளுக்கு மேல் போய் உட்கார்ந்திருக்கலாம்.

"அக்கா, இது கதவு வழியா போவல. காத்து வழியா போயிருக்குது."

கொளஞ்சி இருமினான். "காத்து வழியான்னா எப்படிண்ணே, பேயா?"

"வைஃபை வழியா. எவனோ உள்ள வந்திருக்கான்."

"உன் வைஃபைக்குள்ளயா? நீ போட்டது இரும்புக் கோட்டைன்னு எங்கிட்ட ஒரு வாரம் சொல்லிக்கினு திரிஞ்சியே."

சொன்னது உண்மைதான். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினேன். பட்டனை அமுக்கினால் எவனும் சேர்ந்துகொள்ளும் வசதியை அணைத்தேன். மாதத்துக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றால் தையல்நாயகிக்கு நினைவிருக்காது. அதனால் அமாவாசைதோறும் கடை வாசலில் பூசணிக்காய் உடைத்த கையோடு மாற்றுவது என்று வழக்கமாக்கினேன். அவர் பூசணிக்காயை உடைப்பார். நான் உள்ளே போய்ப் புதுப் பாஸ்வேர்டு போட்டு அவருடைய டேப்லெட்டிலும் போனிலும் ஏற்றிக் கொடுப்பேன். எனக்கு இரண்டு இட்லி, கெட்டிச் சட்னி.

"ரவுட்டர் தினமும் யார் யார் உள்ள வந்தாங்கன்னு கணக்கெடுத்து கடை மெயிலுக்கு அனுப்பும். அதைப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றேன்.

கொளஞ்சி முகத்தில் ஏதோ வந்து போனது. "அப்படி ஒண்ணு இருக்குதா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"எனக்கே மறந்துபோச்சுடா. வெச்சதோட சரி, ஒரு நாளும் தொறந்து பாக்கல."

"சரிண்ணே, நீ அதப் பாரு. உளுந்தூர்பேட்டை மாப்பிள்ளை ரிப்போர்ட்டு பாதியில நிக்குது. நான் மேல போய் ஜல்தியா முடிச்சிட்டு வர்றேன்." போகிற வழியில் தமிழ்ச்செல்வியிடம் நின்றான். "டீ சொல்லட்டா தங்கச்சி? தைரியமா இரு. அண்ணன் பாத்துக்குவாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவளிடம் நல்லபடியாகப் பேசிய முதல் ஆள் அவன்தான் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

*

நூற்றுப் பத்து மெயில்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பூட்டை வாங்கி மாட்டிவிட்டு, அது உடைந்ததா என்று நாலு மாதம் பார்க்காதவன் நான். வரிசையாகத் திறந்து நோட்டில் எழுதினேன்.

கடையில் வைஃபையில் சேர வேண்டிய மெஷின்கள் ஐந்து. கம்ப்யூட்டர் இரண்டு, பிரிண்டர் ஒன்று, தையல்நாயகியின் டேப்லெட், அவருடைய போன். ஒவ்வொரு மெஷினுக்கும் பிறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர்களை வைத்து ஐந்தையும் அடையாளம் கண்டேன்.

மெயிலில் ஆறு நம்பர் இருந்தது.

ஆறாவது, மகாளய அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் முதல் தடவையாக வந்திருக்கிறது. அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பதரை, ஒன்பதே முக்காலுக்கு வருகிறது. ராத்திரி எட்டுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை.

"திருடன்னா ராத்திரி வருவான். இவன் ஆபீஸ் போறவன் மாதிரி வர்றான்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை லீவு வேற எடுத்துக்கறானா?" என்றார் தையல்நாயகி.

அடுத்து ஐப்பசி அமாவாசை. நான் பாஸ்வேர்டு மாற்றிய அன்று ஆறாவது காணாமல் போயிருந்தது. ஆனால் நாலு நாள் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. கார்த்திகை அமாவாசை ஒரு சனிக்கிழமை. மாற்றினேன். போனது. திங்கட்கிழமை காலையில் மறுபடியும் உள்ளே.

பேனாவைக் கீழே வைத்தேன். நான் வைத்த பாஸ்வேர்டு ஒவ்வொன்றும் பதினாறு எழுத்து. ஒரு தடவை குருட்டாம்போக்கில் கண்டுபிடிக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று தடவை முடியாது. பூட்டை மாற்ற மாற்ற, புதுச் சாவியோடு வந்திருக்கிறான். யாரோ சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க. அது இன்னான்னே எனக்குத் தெரியாது. நீங்கதானே போட்டுக் குடுக்கறீங்க? இவ கம்ப்யூட்டருக்கும் நீங்கதான் போட்டுத் தந்தீங்க."

அது சரி. அப்படியானால் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை மூன்று தடவை எனக்குள் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். சொல்லவில்லை.

மிச்சமிருந்த மெயில்களைத் திறந்தேன். டிசம்பர் 9, செவ்வாய். அன்று மட்டும் ஆறாவது காலையில் வரவில்லை. மத்தியானம் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

"அக்கா, ஒம்பதாம் தேதி காலையில இங்க ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணும் இல்லியே. கரண்ட்டுகூட இருந்துது. எங்க வரிசைக்கு மாசாந்திர கரண்ட் கட்டு பதினெட்டாம் தேதிதான்."

இங்கே கரண்ட் இருந்திருக்கிறது. என் நோட்டைப் புரட்டினேன். நான் எல்லாவற்றையும் எழுதுகிறவன். என்ன சாப்பிட்டேன் என்பதுகூட இருக்கும். ஒன்பதாம் தேதிப் பக்கத்தின் முதல் வரி: 'ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இல்லை. கொளஞ்சியால் டைப் அடிக்க முடியவில்லை. மல்லாட்டை வாங்கித் தின்றோம்.'

தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு டிரான்ஸ்பார்மர். எங்கள் பக்கம்.

எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தேன். வைஃபை எட்டுகிற தூரத்தில் எதிர்வரிசையில் இருப்பது ஒரே கட்டடம். கீழே வாடகைப் பாத்திரக் கடை. நூறு பேருக்குச் சோறு வடிக்கிற அண்டாக்களும் ஒரு குண்டு பல்பும் தவிர உள்ளே ஒன்றும் கிடையாது. மேலே எங்கள் அறை.

அப்போதுதான் இன்னொரு பக்கத்தையும் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். ஐப்பசி அமாவாசை நாள். கடைசி வரியில், என் கையெழுத்தில், பதினாறு எழுத்து. அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். மகாளய அமாவாசைப் பக்கத்திலும், கார்த்திகை அமாவாசைப் பக்கத்திலும் அதே. மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் எழுதியது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் தினமும் ரிப்போர்ட் டைப் அடிக்கப்படுகிறது. தீபாவளிக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கூட்டேரிப்பட்டுக்குப் போனவன் திரும்பி வந்த அன்றுதான் ஆறாவதும் திரும்பியிருந்தது.

"இன்னா தம்பி, வேர்த்துக் கொட்டுது?" என்றார் தையல்நாயகி.

"ஒண்ணுமில்லக்கா. இந்த ஸ்க்ரீன்ல இப்ப எத்தனை வரி இருக்குது?"

ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டுகிற பட்டியல். அவர் விரல் வைத்து எண்ணினார்.

"ஆறு."

"நான் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் போன் பண்றேன். கேக்கும்போது இந்தப் பட்டனை அமுக்கிட்டு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

எங்கள் மாடிப்படிக்குக் கீழே, சுவரில் மெயின் சுவிட்ச். அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். நான் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம். பல தடவை போட்டிருக்கிறேன். இந்தத் தடவையும் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கீழே இழுத்தேன்.

"அண்ணே! கரண்ட் போச்சு!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

போனில் கேட்டேன். "எத்தனைக்கா?"

"அஞ்சு."

மெயினை ஏற்றினேன். மேலே நாற்காலி நகர்ந்தது. கம்ப்யூட்டர் திரும்ப உயிர் வந்து எழுந்திருக்க மூன்று நிமிடம் ஆகும். மூன்று நிமிடமும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப?"

"ஆறு தம்பி. யாரு அது?"

நான் போனை அணைத்துவிட்டு மேலே ஏறினேன்.

*

"இன்னாண்ணே, அக்கா கடைப் பேயப் புடிச்சிட்டியா?" என்றான் கொளஞ்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். இரண்டு வருடமாக அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. தூசிக்கு நடுவில், கம்ப்யூட்டரின் முதுகில், வைஃபை பிடிக்கிற நகத்தளவு கறுப்புத் துண்டு ஒன்று செருகியிருந்தது. சின்ன நீல விளக்கு மினுக்கியது. பிடுங்கிப் பின்பக்கம் ஒட்டியிருந்த நம்பரைப் படித்தேன். ஆறாவது நம்பர்.

"பாட்டு எறக்கத்தான்ணே..."

"நம்ம நெட் கார்டுல காசு பத்தாம் தேதியே தீந்துபோச்சு. அதுக்கப்புறமும் நீ புதுப் புதுப் பாட்டா போட்டுக்கினு இருந்தே. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். எங்கேர்ந்து வருதுன்னு யோசிக்கத்தான் இல்ல."

"மொதல்ல பாட்டுக்குத்தான்ணே. சத்தியமா." அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "துர்காவ உனக்குத் தெரியும்ல?"

துர்கா அவன் தங்கை. அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு.

"அரையாண்டுல பெயிலானா டிசி குடுத்துடுவோம், பப்ளிக் பரீட்சைக்கு எங்க ஸ்கூல்ல உக்கார வெக்க மாட்டோம்னு தாளாளரு எங்கம்மாவக் கூப்புட்டு நிக்க வெச்சு சொன்னாரு. நூறு பர்சன்ட்டு காட்டணுமாம். அம்மா அங்கயே அழுதுடுச்சு. துர்காவுக்கு அந்த சோசியல் மண்டையில ஏற மாட்டேங்குதுண்ணே. வியாழக்கிழமை நீ விழுப்புரம் போயிட்டே. தற்செயலா அந்த போல்டரு கண்ணுல பட்டுது. அவளுக்கு மட்டும்தான் அனுப்புனேன். அவ ஒரு தோழிக்கு அனுப்புனா. அப்புறம் ஊருக்கே போயிடுச்சு."

"அந்தப் பொண்ணு அங்க காலையிலேர்ந்து உக்காந்திருக்குது. நீ அதுக்கு டீ சொல்றேன்னே. தைரியமா இருன்னே."

அவன் தரையைப் பார்த்தான்.

"ஆதாரம் கெடைக்காது, அந்தப் பொண்ண நாலு நாள்ல விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்குடா என்னைக் கூப்புடச் சொன்னே? நான் வந்தா கண்டுபிடிச்சிடுவேன்னு பயமா இல்லியா?"

கேட்டிருக்கக் கூடாது. சில கேள்விகளுக்கு விடை கேட்கிறவனிடமே இருக்கும். கொளஞ்சி என்னிடம் பொய் சொல்லி அலுத்துப்போனவன் மாதிரிச் சொன்னான்.

"பாண்டிச்சேரி ஆளு வந்திருந்தா அரை மணியில புடிச்சிருப்பான். நீன்னா... எழுதிக்கினே இருப்பே, கடைசியில உனக்கே சந்தேகம் வந்து விட்டுடுவேன்னு நெனச்சேன்ணே."

கீழே தெருவில் ஒரு கார் வந்து நின்றது. எதிர்த்த கடிகாரத்தில் நாலாக இன்னும் கால் மணி. அப்படியானால் நாலு.

"நீயே வந்து சொல்லிடு" என்றேன். "நீ சொன்னா கொஞ்சம் கம்மியா போவும்."

"நீ சொல்லமாட்டேண்ணே. எனக்குத் தெரியும்" என்றான். ஆனாலும் என் பின்னால் இறங்கி வந்தான்.

*

தாளாளர் சின்னதுரை வெள்ளைச் சட்டையில், கையில் பைலோடு நின்றிருந்தார். தமிழ்ச்செல்வியும் எழுந்து நின்றிருந்தாள். சாவிக்கொத்தை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார் தையல்நாயகி.

"இந்தப் பொண்ணு இல்லைங்க சார்" என்றேன். "வைஃபை வழியா வெளியிலேர்ந்து எடுத்திருக்காங்க. எடுத்த கம்ப்யூட்டர் எதிர்த்த மாடியில இருக்குது."

"எதிர்த்த மாடியில யாரு இருக்கா?"

நான் கொளஞ்சியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கிறவன் அவன். சொல்லிவிடுவான் என்று நான் கடைசி வரைக்கும் நம்பினேன்.

"அண்ணன் ஆபீஸ்தான் சார்" என்றான் கொளஞ்சி. "கம்ப்யூட்டரு அண்ணனோடது. பாஸ்வேர்டும் அண்ணன் போட்டது. அண்ணன் நோட்டுலயே எழுதியிருக்குது."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. தையல்நாயகி என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலையில் 'வாங்க தம்பி' என்ற முகம் இப்போது இல்லை.

"வியாழக்கிழமை அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் நான் விழுப்புரத்துல வகுப்புல இருந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "வருகைப் பதிவுல கையெழுத்து இருக்குது. ஆபீஸ்ல இருந்தது கொளஞ்சி. எடுத்தது கொளஞ்சி."

அவன் மறுக்கவில்லை.

"எவனுக்குடா குடுத்தே?" என்றார் தாளாளர்.

கொளஞ்சி என்னைப் பார்த்தான். அன்று முழுவதிலும் அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். "ஒரு டியூஷன் சென்டருக்கு சார்" என்றான். "எந்த சென்டருன்னு கேக்காதீங்க. சொல்லமாட்டேன்."

நான் நோட்டை மூடினேன். துர்காவின் பேரை நானும் சொல்லவில்லை. தாளாளர் அவன் தோளைப் பிடித்துக் காரில் ஏற்றினார். ஏறும்போது அவன் செருப்பு ஒன்று ரோட்டிலேயே கிடந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானும்தான்.

கார் மேம்பாலத்தின் கீழே திரும்பியதும் தையல்நாயகி பெருமூச்சு விட்டார். டின்னைத் திறந்து தமிழ்ச்செல்வியின் போனை எடுத்து நீட்டினார்.

"போ, முகத்தக் கழுவிக்கினு வந்து உக்காரு. திங்கக்கிழமைக்குள்ள வேற சோசியல் பேப்பரு அடிக்கணும்."

தமிழ்ச்செல்வி போனை வாங்கிப் பைக்குள் வைத்தாள். உட்காரவில்லை.

"எனக்கு இங்க வேலை வேணாம்க்கா."

"ஏன்டி? அதான் நீ இல்லன்னு ஆயிடுச்சே."

"இந்த சார் வந்த உடனே நீ அனுப்புனியான்னு என்னைக் கேட்டாரு. நாலு வருஷமா உங்ககிட்ட வேலை பாக்கறேன். நேத்து ராத்திரிலேர்ந்து நீங்க ஒருக்கா அதைக்கூட கேக்கலையே."

என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். நாலரை மணி ஓமந்தூர் பஸ்ஸுக்கு நடக்கிறாள் என்று தெரிந்தது. தையல்நாயகி அவளுடைய நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே அதில் உட்கார்ந்தார்.

"புதுப் பாஸ்வேர்டு போடணும் தம்பி. இப்பவே."

"இந்தத் தடவை நீங்களே போடுங்கக்கா. பத்து எழுத்துக்கு மேல இருக்கணும். நம்பரும் கலந்திருக்கணும். எங்கயும் எழுதாதீங்க. யாருக்கும் சொல்லாதீங்க. அந்த போல்டருக்கும் தனியா ஒண்ணு."

தட்டச்ச வேண்டிய இடத்தைத் திறந்து காட்டினேன். அவர் விரலை விசைகளின் மேல் வைத்தார். வைத்த விரல் அப்படியே நின்றது.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் விசைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினாலு.